ஸ்கவுட்டுக்கு டில் யார்? கோடையில் வந்துபோகும் விளையாட்டுத் தோழன் மட்டும்தானா?

கொடைரோட்டுக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் இளங்கலை ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்ததால், ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். 1960இல் வெளிவந்து மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற நாவல் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அலபாமாவில் மேகோம்ப் என்ற சின்ன ஊர், 1930களின் பஞ்ச காலம். வக்கீல் அட்டிகஸ் ஃபிஞ்சின் மகள் ஸ்கவுட், ஆறு வயதுகூட முடியாத இடத்தில் தொடங்கிக் கதை சொல்கிறாள்.

வகுப்பில் கருத்தரங்குக்காக ஆளுக்கொரு பாத்திரத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். எல்லோரும் அட்டிகஸுக்கும் டாம் ராபின்சனுக்கும் முண்டியடித்தார்கள். கோடையில் மட்டும் பக்கத்து வீட்டுக்கு வந்துபோகும் சிறுவன் டில்லை நான் கேட்டு வாங்கினேன். “அவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? குழந்தைப் பருவத்தின் கள்ளங்கபடமற்ற தன்மையைக் குறிக்கிறான் என்று இரண்டு வரி எழுதிவிட்டு மேலே போய்விடு” என்று சொல்லிவிட்டார்கள். கடையில் வாங்கிய வழிகாட்டி நூலிலும் அதே இரண்டு வரிதான் இருக்கிறது.

எனக்கு அது ஒப்பவில்லை. கள்ளங்கபடம் இல்லாத பையன் எப்படி இத்தனை பொய் சொல்வான்? அப்பா எங்கே என்று முதல் நாள் கேட்டால் முகம் சிவக்கிறது. அடுத்த ஆண்டு வரும்போது அப்பா உயரமானவர், கூரான கறுப்புத் தாடி வைத்தவர், ஒரு ரயில்வே கம்பெனிக்கே தலைவர் என்கிறான். அதற்கும் அடுத்த கோடையில் வீட்டை விட்டு ஓடி வந்து, தன்னைச் சங்கிலியால் கட்டி நிலவறையில் போட்டுவிட்டார்கள் என்கிறான். வாயைத் திறந்தால் கதை. ஆனால் நாவலிலேயே எனக்கு மிகவும் நெருக்கமாகிப்போனவன் அவன்தான். ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பூ ராட்லியை வெளியே வரவைக்க வேண்டும் என்ற எண்ணத்தையே முதலில் கிளப்பியவன் டில். (தமிழில் எழுதும்போது ‘பூ’ என்று வருவது எனக்கு ஒவ்வொரு முறையும் மனத்தில் தைக்கிறது. ஊரே பூச்சாண்டி என்று பயந்த மனிதர் அவர்.) கடைசியில் பூ வெளியே வரும் இரவில் டில் ஊரிலேயே இல்லை. அவனை ஏன் ஆசிரியர் அந்த நேரத்தில் அனுப்பிவிட்டார்? எழுதிவந்த வேகத்தில் மறந்துவிட்டாரா?

படித்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பேச வேண்டும்.

பழையபுத்தகக்கடை

நல்ல கேள்வி. முதலில் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பயன்படும். டில்லுக்கு ஒரு நிஜ மனிதரின் சாயல் உண்டு. ஹார்ப்பர் லீ அலபாமாவில் மன்ரோவில் என்ற ஊரில் 1926இல் பிறந்தவர், அப்பா வக்கீல். பக்கத்து வீட்டில் உறவினர்களிடம் விடப்பட்டு வளர்ந்த சிறுவன்தான் பிற்காலத்தில் எழுத்தாளராகப் பேரெடுத்த ட்ரூமன் கபோட்டி. அவருடைய பெற்றோர் சேர்ந்து வாழவில்லை. வயதுக்கு மீறிய பேச்சு, குட்டை உருவம், கதை கட்டுவதில் அபாரமான திறமை எல்லாம் சிறு வயதிலேயே அவரிடம் இருந்தன என்று சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால் கபோட்டி முந்திக்கொண்டார். 1948இல் வெளிவந்த தம் முதல் நாவலில் ஹார்ப்பர் லீயின் சாயலில் ஓர் அடங்காத பெண்பிள்ளையை உருவாக்கிவிட்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்து லீ டில்லைப் படைத்தார். 1959 இறுதியில் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு குடும்பத்தில் நான்கு பேர் கொலையுண்ட வழக்கை எழுதக் கபோட்டி போனபோது கூடப் போய் உதவியவரும் லீதான். பிள்ளைப் பருவத்துப் பக்கத்து வீட்டு நட்பு, இரண்டு எழுத்தாளர்களின் புத்தகங்களுக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் ஒன்று. இதையே உங்கள் கட்டுரையின் விடையாக்கிவிடாதீர்கள். டில் எங்கிருந்து வந்தான் என்பதை இது சொல்லும். ஸ்கவுட்டுக்கு அவன் யார் என்பதைச் சொல்லாது.

பொருநைக்கரை

தம்பி, இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள் நான். பணி ஓய்வுக்குப் பிறகு இந்த நாவலை மூன்று முறை படித்திருக்கிறேன். “கள்ளமில்லாதவன் எப்படி இத்தனை பொய் சொல்வான்” என்று கேட்டீர்களே, அந்த ஒரு வரி உங்கள் வழிகாட்டி நூலில் உள்ள எல்லா வரிகளையும்விடப் பெரியது. அதை விட்டுவிடாதீர்கள், அதிலிருந்தே தொடங்குங்கள்.

டில் முதலில் வரும் இடத்துக்குப் போங்கள். பக்கத்து வீட்டு மிஸ் ரேச்சலின் கீரைப் பாத்தியில் ஏதோ அசைகிறது. நாய்க்குட்டியாக இருக்கும் என்று ஸ்கவுட்டும் அவள் அண்ணன் ஜெம்மும் போய்ப் பார்க்கிறார்கள். கீரைச் செடி உயரத்துக்கு ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். ஏழு வயது நடக்கிறது. பார்த்தால் நாலரை என்றுதான் தோன்றும். அவன் பேர் சொல்லி, அடுத்த மூச்சில் என்ன சொல்கிறான்? எனக்குப் படிக்கத் தெரியும் என்கிறான். அதற்கென்ன என்று ஜெம் அலட்சியமாகக் கேட்கிறான். ஏதாவது படிக்க வேண்டியது இருந்தால் என்னால் படித்துக்கொடுக்க முடியும், அதற்காகச் சொன்னேன் என்கிறான்.

இந்த இடத்தை முதன்முறை சிரித்துக்கொண்டே கடந்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது நெஞ்சு கனத்தது. விளையாட வரலாமா என்று கேட்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். தன்னால் என்ன வேலை ஆகும் என்று சொல்லி இடம் கேட்கிற பிள்ளையை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அந்தப் பையன் அங்கே வேலைக்கு விண்ணப்பம் போடுகிறான், தம்பி. தன்னை வைத்துக்கொள்ள ஒரு காரணம் கொடுக்க வேண்டும் என்று ஏழு வயதிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு அம்மாவைப் பற்றிச் சொல்கிறான். தங்கள் ஊரான மெரிடியனில் ஒரு புகைப்படக்காரரிடம் வேலை பார்க்கிறாள். அழகான குழந்தைப் போட்டிக்கு இவன் படத்தை அனுப்பி ஐந்து டாலர் பரிசு வாங்கி, அதை இவனிடமே கொடுத்துவிட்டாள். இவன் அந்தக் காசில் இருபது முறை சினிமா பார்த்திருக்கிறான். கேட்கிற பிள்ளைகளுக்குப் பொறாமையாக இருக்கும். இருபது முறையும் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. அப்புறம்தான் ஸ்கவுட் அப்பாவைப் பற்றிக் கேட்கிறாள். அப்பா இல்லை என்கிறான். செத்துப்போய்விட்டாரா? இல்லை. சாகவில்லை என்றால் இருக்கத்தானே வேண்டும் என்று அவள் கணக்குப் போடுகிறாள். டில்லின் முகம் சிவக்கிறது. ஜெம் அவளை வாயை மூடச் சொல்கிறான்.

ஸ்கவுட்டின் கணக்கில் ஒரு தவறும் கிடையாது. ஆனால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அட்டிகஸ் மாலையில் வேலை முடிந்து வரும் வீட்டில் வளர்ந்தவளுக்கு, உயிரோடு இருந்தும் இல்லாத அப்பா என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அன்றைக்குத்தான் முன்னால் வந்து நிற்கிறது. கண்ணால் பார்க்கிறாள், கதையில் எழுதியும் வைக்கிறாள். பொருள் மட்டும் விளங்கவில்லை. டில் அவளுக்கு யார் என்றால், என் பதில் இங்கேதான் தொடங்குகிறது. தன் வீட்டை வெளியே நின்று பார்க்கிற கண் அவளுக்கு டில் மூலமாகத்தான் வருகிறது.

இனி அவர்கள் போடும் நாடகங்களைப் பாருங்கள். புத்தகங்களில் படித்த கதைகளை மூவரும் நடிக்கிறார்கள். டார்சான் கதையில் குரங்கு யார்? முன்பெல்லாம் அந்த வேஷம் ஸ்கவுட் தலையில் கட்டப்படும், அவளுக்குப் பிடிக்காது. டில் வந்ததும் அதை அவன் வாங்கிக்கொள்கிறான். யாருக்கும் வேண்டாத வேஷங்கள் எல்லாம் அவனுக்கு.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தப் பையனைப் பற்றி என்னால் எழுத முடியாது.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். முழுப்பரீட்சை லீவுக்கு அடுத்த வீட்டு ஆச்சியிடம் ஒரு பேரன் வருவான். என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஆச்சி வீட்டில் ஆச்சி மட்டும்தான். அவன் விழித்திருக்கும் நேரமெல்லாம் எங்கள் வீட்டில் இருப்பான். காலையில் பின்கட்டில் வாளிச் சத்தம் கேட்டால் அவன் வந்துவிட்டான் என்று பொருள். எங்கள் வீட்டுக்கு அவன்தான் தண்ணீர் இறைப்பான். யாரும் அவனிடம் கேட்டதில்லை. கயிறு வழுக்காமலிருக்க உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொள்வான். தொட்டி நிறைந்த பிறகு அடுக்களை வாசலில் வந்து நின்று, “இன்னும் எத்தனை குடம் வேண்டும் அத்தை?” என்று என் அம்மாவிடம் கேட்பான். போதும் என்று அம்மா சொன்னால் அவன் முகம் ஒரு கணம் வாடும். அதனாலேயே அம்மா, வெண்கலப் பானையில் இருந்த நல்ல தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு, இதையும் நிரப்பிவிடு ஐயா என்பாள். அம்மா ஏன் இப்படிச் செய்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். அவன் சீக்கிரம் வந்தால்தானே பல்லாங்குழி ஆட முடியும்.

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு மோட்டார் போட்டார்கள். அந்த மே மாதம் அவன் வந்து, நேரே பின்கட்டுக்குப் போனான். கப்பி இல்லை. கயிறும் இல்லை. கப்பி தொங்கிய கட்டையில் கயிறு அறுத்த தடம் மட்டும் இருந்தது. அவன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். நான் ஓடிப்போய்க் குழாயைத் திறந்து காட்டினேன், பார் எவ்வளவு வேகமாக வருகிறது என்று. அவன் பார்த்தான், நன்றாக இருக்கிறது என்றான். அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்று ஆச்சி வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த ஆண்டு அவன் வரவில்லை. அவன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என்ன தகராறு, அவனை யார் வைத்துக்கொள்வது என்று என்ன வழக்கு, இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன்.

இப்போது நாவலின் 14ஆம் அத்தியாயத்தைப் படியுங்கள். ஸ்கவுட்டின் கட்டிலுக்கு அடியில் ஏதோ வெதுவெதுப்பாகக் காலில் படுகிறது. பாம்பென்று நினைக்கிறாள். ஜெம் துடைப்பத்தோடு வருகிறான். அழுக்கும் பசியுமாக டில் வெளியே வருகிறான். அம்மாவின் பணப்பையிலிருந்து பதின்மூன்று டாலர் எடுத்துக்கொண்டு மெரிடியனிலிருந்து ஒன்பது மணி ரயிலில் ஏறி, மேகோம்ப் சந்திப்பில் இறங்கி, பதினாலு மைலில் பெரும்பகுதியை நடந்தும் மிச்சத்தைப் பருத்தி வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டும் வந்திருக்கிறான். நீங்கள் சொன்ன சங்கிலியும் நிலவறையும் அந்த நேரத்துக் கதைதான். ஆனால் இரவில், விளக்கணைத்த பிறகு, ஸ்கவுட் பக்கத்தில் படுத்துக்கொண்டு உண்மையைச் சொல்கிறானே, அதைச் சங்கிலிக் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அவனை யாரும் அடிக்கவில்லை. புது அப்பா கெட்டவர் இல்லை. கேட்டதெல்லாம் வாங்கித் தருகிறார்கள். வாங்கித் தந்துவிட்டு, அதுதான் கிடைத்துவிட்டதே, போய் விளையாடு என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சேர்ந்து செய்யலாம் என்று சொன்ன மீன்பிடிப் படகைச் செய்யவே இல்லை. தான் இல்லாமலே அவர்கள் இன்னும் நன்றாக இருக்கிறார்கள், தன்னால் அவர்களுக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை என்கிறான்.

சங்கிலியால் கட்டிவைத்தார்கள் என்பது பொய். ஆனால் சங்கிலியால் கட்டுகிறவனுக்குக்கூட, கட்டப்படுகிறவன் தேவைப்படுகிறான் அல்லவா? தன்னைப் பிடித்து வைத்துக்கொள்ள யாரோ பாடுபட்டார்கள் என்று கதை கட்டுகிறான் அந்தப் பிள்ளை. அவன் பொய்கள் எல்லாவற்றையும் இந்த ஒரு இடத்திலிருந்து திரும்பிப் பாருங்கள். ரயில்வே தலைவரான அப்பா, கறுப்புத் தாடி, எல்லாம் இல்லாத ஆளை இருக்க வைக்கிற வேலைதான்.

அந்த இரவில் ஸ்கவுட்டுக்கு நடப்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. அத்தை அலெக்சாண்டிரா வீட்டுக்கு வந்து தங்கிய புதிது. பெண்பிள்ளை மாதிரி இரு என்று ஓயாத கண்டிப்பு. ஜெம்மோடு அன்றைக்குத்தான் சண்டை. எல்லோரும் தன்னைப் போட்டு அமுக்குகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த வேளை. டில் பேசப்பேச, தன் வீட்டில் தான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கிறாள். அட்டிகஸுக்குத் தான் வேண்டும். சமையல் பார்க்கும் கல்பூர்னியாவுக்குக்கூடத் தான் இல்லாமல் முடியாது. பிறருடைய தோலுக்குள் புகுந்து பார்க்காமல் அவர்களைப் புரிந்துகொள்ள முடியாது என்று அட்டிகஸ் முன்பே சொல்லியிருந்தார். அப்பா சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். ஒருவனுடைய தோலுக்குள் நிஜமாகப் போய் வந்தது இந்த இருட்டில், டில்லோடுதான்.

அந்தப் பேச்சு முடியும் இடத்தில் அவள் கேட்கிறாள், பூ ராட்லி ஏன் இத்தனை நாளும் வீட்டை விட்டு ஓடிப்போகவில்லை என்று. அவனுக்கு ஓடிப்போக இடம் இல்லாமல் இருக்கலாம் என்கிறான் டில். முதல் கோடையில் தெருமுனை விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ராட்லி வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தானே, அது வெறும் பூச்சாண்டி ஆசை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தப் பதிலைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ஓடி வர ஒரு கட்டிலடியாவது அவனுக்கு இருந்தது. பூவுக்கு அதுவும் இல்லை. அதை அந்த ஊரில் முதலில் கண்டவன் அவன்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நாளை எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

கரிசல்மண்

அம்மா எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். கிணற்றுக் கட்டையைப் பற்றி மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்கிறேன். தம்பிக்கு வெள்ளிக்கிழமை இந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

டில்லைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் நீதிமன்றக் காட்சியில் போய் உருகுவார்கள். டாம் ராபின்சன் என்ற கறுப்பின மனிதர்மேல் வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்ததாகப் பொய்க் குற்றம். அரசு வக்கீல் அவரைக் குறுக்கு விசாரணை செய்யும் தொனியைத் தாங்க முடியாமல் டில் அழுகிறான். வெளியே அழைத்துப் போகிறார்கள். நல்லது. பையனுக்கு வயிற்றைப் பிரட்டினால் எழுந்து வெளியே வரலாம், மரநிழலில் நிற்கலாம். ஒருவர் காகிதப் பைக்குள் ஒளித்துவைத்த கோக்கோ கோலாவைக் குடிக்கக் கொடுக்கிறார். டாம் எழுந்து வெளியே வர முடியுமா? பருத்தி எந்திரத்தில் சிக்கி இடக்கை பயனற்றுப்போன மனிதர் அவர். சாட்சிக் கூண்டில் பேசும் சிறு நேரம் தவிர அவர் குரல் நாவலில் கேட்பதே அரிது. பின்னால் சிறையில் பதினேழு குண்டுகளோடு முடிந்துபோகிறார். அந்தச் செய்தி கேட்டு அவர் மனைவி ஹெலன் தரையில் சாய்வதைக்கூட நமக்குச் சொல்வது யார்? அட்டிகஸோடு கூடப் போயிருந்த டில் பார்த்து ஸ்கவுட்டிடம் சொல்கிறான். ஸ்கவுட் நமக்குச் சொல்கிறாள். துக்கம் ஹெலனுடையது, அதைக் கண்ட கண்கள் இரண்டும் வெள்ளைக் குழந்தைகளுடையவை.

1931இல் அதே அலபாமாவில், ஸ்காட்ஸ்பரோவில், ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மேல் இதே மாதிரிப் பொய்க் குற்றம் சுமத்தி, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். மேல்முறையீடுகளால் உயிர் தப்பினாலும் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். அந்த மண்ணிலிருந்து எழுந்த கதையில், ஒரு வெள்ளைச் சிறுவனின் கண்ணீரை நீதியின் அடையாளம் என்று தூக்கிப் பிடிப்பது எனக்கு உறுத்துகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருந்த காலத்தில், அதைப் பார்த்து மனம் கலங்கிய நல்ல பிள்ளைகள் மேல்தெருவிலும் இருந்திருப்பார்கள். என் தாத்தா அந்தக் குவளையில் குடித்தவர். அவர் கதையை அந்தப் பிள்ளைகளின் கண் வழியே மட்டும் கேட்க எனக்கு விருப்பமில்லை.

டில்லை நான் வெறுக்கவில்லை. நண்பனாக அவன் எவ்வளவு பெரியவன் என்று அம்மா காட்டியதை ஏற்கிறேன். மனசாட்சியின் சின்னம் என்று அவனை உயரத்தில் ஏற்றிவிடாதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

பொருநைக்கரை

கரிசல்மண், நீங்கள் எழுதியது சரி. உங்கள் தாத்தாவின் குவளையைப் பற்றிப் படித்த பிறகு எதையும் லேசாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த நாவலை வகுப்பில் வைத்தால் டாமின் பக்கமிருந்து எழுதப்பட்டவற்றையும் கூடவே வைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். டில் அழுத காட்சியில் நான் டில்லைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஸ்கவுட்டைப் பார்க்கத் தொடங்கி நாளாகிறது. அவள் அழவில்லை. அரசு வக்கீலின் தொனியில் அவளுக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. குறுக்கு விசாரணை என்றால் அப்படித்தான், எல்லா வக்கீல்களும் செய்வதுதான் என்கிறாள். அட்டிகஸ் அப்படிப் பேசுவதில்லையே என்று டில் மடக்கினால், என்ன இருந்தாலும் அவர் ஒரு நீக்ரோதானே என்கிறாள். அட்டிகஸின் மகள் சொல்கிறாள்! நமக்கு அவ்வளவு பிடித்த, நாம் யாரோடு கூடவே நடந்து வந்தோமோ அந்தப் பெண். ஊர்க்காற்று அவள் நுரையீரலுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அந்த இடத்தில்தான் நமக்குத் தெரிகிறது. டில் அழாமல் இருந்தால் தெரிந்திருக்காது. அவனைச் சின்னமாக்க நான் இதைச் சொல்லவில்லை. எந்தச் சுவரைத் தான் சுவர் என்றே அறியாமல் வளர்ந்தாளோ, அதில் முட்டிக்கொண்டு அழும் வெளியூர்ப் பையனை அவள் பார்க்கிறாள். அவளுக்கு அவன் செய்த காரியம் அது.

அந்தக் கண்ணீருக்கு ஆயுள் குறைவு என்பதையும் நாவல் மறைக்கவில்லை. கோக்கோ கோலா கொடுத்த டால்ஃபஸ் ரேமண்டே சொல்லிவிடுகிறார், இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் இவன் அழமாட்டான் என்று. தீர்ப்பு வந்த மறுநாளே டில் சொல்கிறான், பெரியவனானதும் சர்க்கஸ் கோமாளி ஆகப்போகிறேன், நடு வட்டத்தில் நின்று ஜனங்களைப் பார்த்துச் சிரிக்கப்போகிறேன் என்று. ஒரு நாளைக்குள் அழுகை சிரிப்பாகிவிட்டது. அந்தச் சிரிப்பு எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் சொல்லும் உறுத்தலை ஆசிரியரும் எங்கோ உணர்ந்திருக்கிறார் என்பதற்கு இதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தமாட்டேன்.

தம்பி, இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆசிரியர் மறக்கவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் டில் மெரிடியனுக்குத் திரும்பிப் போகிறான். அவன் மறுநாள் கிளம்பப்போகிறான் என்று சொல்லித்தான் வைக்கிறார். பிள்ளைகள் தாக்கப்படுவது அக்டோபர் கடைசி இரவில், ஹாலோவீன் அன்று. டில் கோடைக்கு மட்டும் சொந்தமானவன். கோடை தொடங்கியும் அவன் வராதபோது ஸ்கவுட் வருந்துவதைப் பாருங்கள்: கோடை என்றால் என்ன என்று அவள் சொல்லும்போது வெயிலைப் பற்றியோ பழத்தைப் பற்றியோ பேசுவதில்லை, மீன் குளத்தருகே டில் நூலைச் சுருட்டிப் புகைத்ததையும், ஜெம் பார்க்காத நேரம் எட்டி முத்தம் கொடுத்ததையும் சொல்கிறாள்.

பூவை வெளியே வரவைக்க டில் என்னவெல்லாம் திட்டம் போட்டான்? தூண்டில் கம்பு முனையில் சீட்டு வைத்து ஜன்னலில் சொருகப் பார்த்தார்கள், இரவில் வேலிக்கடியில் ஊர்ந்து போனார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றதும் அந்த மனிதர் தாமாக வெளியே வருகிறார். திட்டம் போட்டவன் அங்கே இருந்திருந்தால் அது விளையாட்டில் வெற்றி மாதிரி ஆகியிருக்கும். அதனால் அவனை அனுப்பியது சரி என்று என் அறிவு சொல்கிறது. மனம் ஒத்துக்கொள்ளவில்லை. ஓடிப்போக இடமில்லாதவர் என்று அவரைப் புரிந்துகொண்ட ஒரே பையன், அவர் கதவைத் திறந்து வந்தபோது நூறு மைலுக்கும் அப்பால், தன்னைத் தேவைப்படாத ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

கொடைரோட்டுக்காரன்

அம்மா, கரிசல்மண் அண்ணா, புத்தகக்கடை ஐயா, மூவருக்கும் நன்றி. நேற்றிரவு 14ஆம் அத்தியாயத்தை அகராதி இல்லாமல் படித்தேன். முழுவதும் புரிந்தது.

அண்ணா சொன்னதைத் தனிப் பகுதியாக எழுதப்போகிறேன். ஹெலன் சாய்ந்ததை யார் பார்த்தார்கள், யார் சொன்னார்கள் என்ற கேள்வியை வகுப்பில் யாரும் இதுவரை எழுப்பவில்லை.

எனக்கு டில் ஏன் நெருக்கமானான் என்று இப்போது தெரிந்துவிட்டது. நான் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். அவர்கள் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் மாடு கட்டியிருக்கும் இடத்தை யாரும் எழுவதற்கு முன் கூட்டிவிடுவேன். ஏன் என்று நானே என்னைக் கேட்டதில்லை. இதைக் கருத்தரங்கில் சொல்லமாட்டேன். இங்கே சொல்லிவிட்டேன்.

கட்டுரையைக் கீரைப் பாத்தியில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். எங்கே முடிப்பது என்று தெரியவில்லை.

பொருநைக்கரை

கடைசி அத்தியாயத்தில் பூவை அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அந்தத் திண்ணையில் ஸ்கவுட் ஒரு நிமிடம் திரும்பி நிற்கிறாள். பழைய கோடைகளை அவருடைய ஜன்னல் வழியாக அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறாள். அதில் ஒரு கோடை வருகிறது: முற்றத்தில் இரண்டு பிள்ளைகள் தங்கள் நண்பனோடு தாங்களே கட்டிய ஒரு நாடகத்தை நடித்துக்கொண்டிருக்கிறார்கள். டில்லின் பேர் அங்கே இல்லை; நண்பன் என்று மட்டும்தான் இருக்கிறது. அந்த நாடகத்தில் டில் என்ன வேஷம் போட்டான் என்று இரண்டாம் கோடையின் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். பிறகு இரண்டு இடங்களையும் வகுப்பில் வாய்விட்டு வாசியுங்கள், தம்பி. நிதானமாக வாசியுங்கள்.

மாட்டுக் கொட்டிலைக் கூட்டியதை எழுதினீர்களே. சாப்பிட்டீர்களா இன்றைக்கு?